பிள்ளைகள்: இல்லை

"உள்ள போய்ப் பாரு. கட்டிலுக்கு அடியில, பெட்டிக்குள்ள, அடுப்பு மேடைக்குக் கீழ, ஒரு எடம் விடாத," என்றார் ஏட்டு.

அவர் வாசலைத் தாண்டி வரவில்லை. பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் ஆண் போலீஸ் நுழையக்கூடாது என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. அதற்காகவே ஒரு பெண் காவலரைக் கூட்டி வந்திருந்தார். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியேறினாள்.

"தள்ளும்மா," என்றாள் அதட்டலாக.

சாவிக்காரம்மா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். வீடு என்பது ஒன்றரை அறை. உள்ளறைக்குப் போன பெண் காவலர், தகரப்பெட்டியின் மூடியைத் தூக்கித் தடாரென்று சுவரில் சாத்தினாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், உதடு அசையாமல் கேட்டாள்:

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல."

ஓர் அண்டாவை உருட்டினாள். "மாத்திர இருக்கா?"

"நாலு நாளைக்கு வரும். நீ ஏன் எளச்சிருக்க?"

கட்டிலின் காலைப் பிடித்துக் கிறீச்சென்று இழுத்தாள். "எளைக்கல. பெல்ட்ட இறுக்கிக் கட்டியிருக்கேன், அதான் அப்படித் தெரியுது."

இழுத்த கட்டிலைத் திரும்பத் தள்ளும்போது, சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டை ஒன்று தலையணைக்குக் கீழே போயிற்று. அம்மாவின் முழங்கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள்.

"என்னம்மா, எவ்வளவு நேரம்?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் இல்ல சார்!"

வெளியே வந்து நோட்டை நீட்டினாள். "கையெழுத்துப் போடும்மா."

போலீஸ்காரர்கள் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். காய்கறிக்காரனும் அப்படித்தான் கூப்பிடுவான். ஏட்டுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. சாவிக்காரம்மாவுக்கோ அடுத்த பதினைந்து நாளுக்கு அந்த ஒரு சொல்தான். பெற்ற மகள் வாயால் அம்மா என்று கேட்பது இனி அடுத்த சோதனையில்தான்.

இருவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். சாவிக்காரம்மா கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, காக்கிச் சட்டையின் முதுகு தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய், இழுத்துப் போட்ட சாமான்களை அடுக்க உட்கார்ந்தாள்.

அந்த வீட்டில் ஒரு மனுஷிக்குத் தேவையில்லாத சாமான்கள் நிறைய இருந்தன. மூன்று அட்டைப் பெட்டிகள், உடைந்த டிரங்கு, கைப்பிடி போன பாத்திரங்கள், கிழிந்த மெத்தை. வேலை செய்யும் சலவைக்கூடத்தில் யாராவது எதையாவது தூக்கிப் போட்டால் எடுத்து வந்துவிடுவாள். "குப்பைய எதுக்குச் சேக்கறே?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். சிரித்து மழுப்புவாள். சாமான் அதிகம் இருந்தால் சோதனை போட அதிக நேரமாகும். இரண்டு நிமிஷம் மூன்று நிமிஷமாகும். இதை யாரிடம் சொல்ல முடியும்?

அவள் கணவன் சாவி செய்கிறவன். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். ஒரு பெரிய வீட்டில் பழைய பூட்டை மாற்றிக் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் திருட்டுப் போயிற்று. பிடித்துப் போனார்கள். இரண்டு வருஷம் வழக்கு நடந்தது. சாட்சியும் இல்லை, சாமானும் இல்லை, குற்றவாளி இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் பெயர் கேடி பட்டியலில் ஏறிவிட்டது. எடுக்கச் சொல்லிக் கேட்கப் போனபோது, அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே விளக்கினார்: "கோர்ட்டு விட்டது கோர்ட்டோட. பட்டியல் எங்களுது."

பட்டியலில் தொழில் என்ற இடத்தில் 'பூட்டுத் திறப்பவர்' என்று எழுதியிருந்தது. "சாவி செய்யறவன்னு எழுதச் சொன்னா எப்படி மாத்திட்டான் பாத்தியா! டாக்டர 'வயித்தக் கிழிப்பவர்'னு எழுதுவானோ?" என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. பட்டியலில் இருக்கிறவனிடம் யார் பூட்டைக் கொடுப்பார்கள்? ஒருநாள் அரம் பிடித்த கையோடு பட்டறை மேஜையில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் போன பிறகும் பட்டியல் போகவில்லை. பெயருக்குப் பக்கத்தில் 'இறப்பு' என்று குறித்து, அடுத்த வரியில் 'குடும்பத்தினர்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் அப்படி முப்பத்தாறு வீடுகள். ஊரில் எங்கே என்ன காணாமல் போனாலும் முதல் தட்டு இந்தக் கதவுகளில்தான்.

மகள் படித்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைக் கோட்டு தைத்து, அதைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் போய் வந்தாள். நான்காம் வாரம் கடிதம் வந்தது: காவல்துறைச் சரிபார்ப்பில் பாதகமான குறிப்பு. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

சாவிக்காரம்மாவின் தங்கை வந்தாள். "அக்கா, புள்ளைய எங்கிட்ட குடுத்துடு. நம்ம வழக்கத்துல வளந்த புள்ளையையும் சுவீகாரம் எழுதிக்கலாம். எங்க தெருவுல யாரும் வந்து கதவத் தட்டறதில்ல. இவளாவது தப்பிக்கட்டுமே."

பத்திரத்தில் அவள் கையெழுத்தைத் திருத்தமாகவே போட்டாள். வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தாள்.

சித்தி வீட்டிலிருந்து மகள் போலீஸ் வேலைக்கு எழுதினாள். "ஏண்டி, போயும் போயும் அங்கியா?" என்று தாய் கேட்டதற்கு, "பட்டியல எழுதற கை எப்படி இருக்கும்னு கிட்டப் போய்ப் பாக்கணும்மா," என்றாள். நெருங்கிய உறவினர் எவரேனும் கண்காணிப்பில் உள்ளாரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினாள். நாலு வருஷம் எங்கெங்கோ இருந்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன் மாற்றலாகி இதே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் ஏட்டோடு தெருவில் நுழைந்தபோது, பாவாடை கட்டிய நாளிலிருந்து அவளைப் பார்த்த தெரு, அப்படியே வாயைத் தைத்துக்கொண்டது. எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் மட்டும் ஏட்டின் காதில் விழும்படி, "யாரு இந்தப் புதுப் போலீசம்மா? பாத்த மொகமாவே இல்லியே!" என்றார். அவர் மடியில் விளையாடி வளர்ந்த பெண் அவள்.

*

அந்த மாதக் கடைசியில் கையில் அட்டையும் தாள்களுமாக ஒரு பெண் தெருவுக்கு வந்தாள். கல்லூரியில் குற்றவியல் ஆராய்ச்சி செய்கிறாளாம். பட்டியலில் உள்ள முப்பத்தாறு வீட்டிலும் கேள்வி கேட்டு எழுத வேண்டும். பேராசிரியர் அனுப்பியிருந்தார், ஸ்டேஷனில் அனுமதி கொடுத்திருந்தார்கள். செருப்பு கடித்து இரண்டு குதிகாலிலும் துணி சுற்றியிருந்தாள்.

"உக்காரும்மா," என்றாள் சாவிக்காரம்மா. அந்த வீட்டில் விருந்தாளி என்று ஒருத்தி உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று.

கேள்விகள் அறுபத்து நாலு. வீட்டில் எத்தனை அறை, குடிநீர் எங்கிருந்து, குடிப்பழக்கம் உண்டா. சாவிக்காரம்மா அலுக்காமல் பதில் சொன்னாள். கேள்வி முடிந்துவிடுமே என்றுதான் இருந்தது.

"நாப்பத்தொண்ணு. பிள்ளைங்க எத்தனை பேரு?"

"இல்ல."

"பொறக்கலியா, இல்ல..."

"இல்லன்னு போட்டுக்கோம்மா."

அந்தப் பெண் எழுதினாள். "அப்ப நாப்பத்திரண்டுலேருந்து நாப்பத்தொம்பது வரைக்கும் உங்களுக்குக் கிடையாது. பிள்ளைங்களோட வாரத்துக்கு எத்தனை தடவ பேசுவீங்க, அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா, இதெல்லாம் வரும். விட்டுடலாம்."

"அதெல்லாம் எதுக்குக் கேக்கறாங்க?"

"பேராசிரியரோட கொள்கை ஒண்ணு இருக்கும்மா. வீட்டோட, மனுஷங்களோட ஒட்டுதலா இருக்கறவங்க தப்புத்தண்டாவுக்குப் போறதில்ல. ஒட்டுதல் விட்டுப்போன எடத்துலதான் குற்றம் வருதுன்னு சொல்றாங்க. அது சரியான்னு பாக்கறோம்."

"சரியாத்தான் இருக்கும்," என்றாள் சாவிக்காரம்மா. அடுத்த அறையில் தகரப்பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருந்தது. அதை எடுத்து வந்து இந்தப் பெண்ணின் மடியில் போட்டு, இதோ பார், இவ்வளவு உயரம் என் மகள் என்று சொல்லிவிட வேண்டும்போல ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கதவு வரை வழியனுப்பிவிட்டு நின்றபோது, எதிர்வீட்டு வாசலில் டிரைவர் அண்ணனின் குரல் கேட்டது. "பிள்ளைங்களா? எனக்கேதும்மா பிள்ளைங்க!" அவருடைய மூத்த மகன் வேறோர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பிரசவத்தில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தியவளே சாவிக்காரம்மாதான்.

*

ஆறு வாரம் கழித்து, ஆய்வின் முடிவைச் சொல்லப்போகிறார்கள் என்று தெருக்காரர்களை ஸ்டேஷன் மாடிக்கு வரச் சொன்னார்கள். முன்வரிசையில் அதிகாரிகள். பின்னால் தெருக்காரர்கள். கதவோரம் காவலுக்கு நின்றவர்களில் அவள் மகளும் ஒருத்தி.

பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஒருவரையும் திட்டவில்லை, அழகாகப் பேசினார். திரையில் கட்டம் கட்டமாகக் காட்டினார். "முப்பத்தாறு வீட்டில் இருபத்து மூன்று வீடுகளில் பிள்ளைகளே இல்லை என்கிறார்கள். மீதி வீடுகளிலும் பல பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் போய்விட்டார்கள். பந்தம் இவ்வளவு தூரம் அறுந்துபோன தெருவை நான் எங்கும் கண்டதில்லை. இந்தக் குடும்பங்களிலிருந்து அரசுப் பணிக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. குற்றம் ஏன் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

சாவிக்காரம்மா திரும்பிக் கதவைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். பிடரி மட்டும் சுட்டது.

முடிவாக இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஆய்வின் பரிந்துரைப்படி கண்காணிப்பைக் கூட்டப் போவதாகச் சொன்னார். இனி மாதம் இரண்டு முறை இல்லை. வாரா வாரம் சோதனை.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சாவிக்காரம்மாவின் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். வாரா வாரம்! வாரா வாரம் வருவாள்! அடுத்த நொடியே தான் எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்பது உறைத்தது. பக்கத்தில் டிரைவர் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தெருவே தலை குனிந்திருக்க, தான் ஒருத்தி மட்டும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறோம். என்ன பிறவி நான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, சேர்த்து வைத்த அட்டைப் பெட்டிகளையும் உடைந்த டிரங்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆராய்ச்சிப் பெண் தனியாக வந்தாள். அட்டை இல்லை, ஒரே ஒரு வெள்ளைத் தாள்.

"என்ன யாரும் அனுப்பலம்மா. நானாத்தான் வந்தேன். எனக்கு அந்தக் கணக்கு ஒத்து வரல. ஊர் முழுக்க எடுத்தா பத்து வீட்டுக்கு ஒரு வீட்டுலதான் பிள்ளைங்க இல்லாம இருக்கும். இங்க மூணுல ரெண்டு. பேராசிரியர்கிட்ட சொன்னேன், 'ஜனங்க சொன்னத எழுதறதுதான் நம்ம வேல'ங்கறார். ஆனா நாம கேட்ட கேள்விதான் தப்புன்னு எனக்குத் தோணுது. போலீஸ் பட்டியல வெச்சுக்கிட்டு, போலீஸ் அனுமதியோட வந்து கேட்டா, யாரு உண்மையச் சொல்வாங்க?"

சாவிக்காரம்மா வாசற்கதவைச் சாத்தினாள்.

"ஒரே ஒரு கேள்விம்மா. பட்டியல்ல பேரு இருக்கறதால நீங்க விட்டுக்குடுத்த பிள்ளைங்க எத்தனை?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "பேரு எழுதணுமா?"

"வேண்டாம். ஆனா பேரில்லாத கணக்க அவங்க ஏத்துக்க மாட்டாங்க. நானே இட்டுக்கட்டிட்டேம்பாங்க. எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கறேன்."

"ரெண்டு நாள் குடு. நான் ஒரு ஆளக் கேக்கணும்," என்றாள் சாவிக்காரம்மா.

பட்டியலில் இருப்பவர்கள் வட்டாரத்தை விட்டு வெளியே போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மறுநாள் சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், இரண்டு பஸ் மாறித் தங்கை வீட்டுக்குப் போனாள். மகளுக்கு அன்று விடுப்பு. கதவைத் திறந்தவள், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று பதறினாள். யாரும் அதட்டவில்லை, பாத்திரம் எதுவும் உருளவில்லை. மகளின் குரல் இவ்வளவு மெல்லியது என்பதே தாய்க்கு மறந்துபோயிருந்தது.

விஷயத்தைச் சொன்னாள். தங்கை பயந்துபோனாள். "அக்கா, உனக்குக் கிறுக்கா? வேல போயிடும். கேசு போடுவாங்க."

"அதுக்குத்தான் இவள கேக்கறேன். வேண்டாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இத்தன வருஷம் தொறக்கலியே."

மகள் எழுந்தாள். தட்டில் சோற்றைப் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தாள். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பாதி சாப்பாட்டில் சொன்னாள்:

"அன்னிக்கு மாடியில அவரு 'ஒருத்தர்கூட இல்ல'ன்னாரு. நான் பத்தடி தள்ளி நிக்கறேன். கத்தணும்போல இருந்துச்சும்மா. கத்தல. சம்பளம், பென்ஷன், எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. அன்னிக்கு முழுக்க எனக்கே என்னப் புடிக்கல." பிறகு, "சாப்பிடும்மா, ஆறுது," என்றாள்.

சொன்ன நாளில் ஆராய்ச்சிப் பெண் வந்து முன்னறையில் உட்கார்ந்து தாளை விரித்தபோது, வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அன்று சோதனை போடும் ஞாயிறு இல்லை, கூட ஏட்டும் இல்லை. முழுச் சீருடையில், பட்டப்பகலில், தெருவே பார்க்க நடந்து வந்து மகள் படியேறினாள். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரில்லாம எழுதினா நம்ப மாட்டாங்கன்னு சொன்னீங்களாமே. எழுதுங்க," என்று தன் பெயரையும் பணி எண்ணையும் சொன்னாள். ஆராய்ச்சிப் பெண்ணின் பேனா கொஞ்ச நேரம் தாளில் ஊன்றியபடியே நின்றது. பிறகு எழுதினாள்.

எதிர்வீட்டில் டிரைவர் அண்ணன் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிப் பெண் வெளியே வந்ததும், "இங்கியும் ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா. போன தடவ ஒரு கணக்குத் தப்பாச் சொல்லிட்டேன்," என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு வீடு திருத்திச் சொல்லியிருந்தது. அதில் நாலு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளின் பெயரையும் கொடுத்தார்கள்.

பேராசிரியர் அதை அறிக்கையில் சேர்க்கவில்லை. ஆய்வுக்காலம் முடிந்த பிறகு வந்த தகவலாம். அந்தப் பெண் அவரிடமிருந்து விலகித் தனியாக எழுதப் போகிறாள் என்று கேள்வி. பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. மகளைப் பணியிடைநீக்கம் செய்து குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு, துணிமணிகளோடு, அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, படிக்கத் தெரியாத தாய்க்கு அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்: "'தனக்குப் பெற்ற தாய் உயிருடன் இருப்பதையும், அவர் கண்காணிப்பில் இருப்பதையும் மறைத்த குற்றத்துக்காக...'"

"மறைச்சது தப்புதானே?" என்றாள் சாவிக்காரம்மா மெதுவாக.

"தப்புதாம்மா. இருபது வருஷமா இந்த வீட்டைப் பொரட்டிப் பொரட்டித் தேடினாங்களே, இப்பத்தான் நெஜமாவே ஒரு குற்றம் கெடச்சிருக்கு." சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தாயும் சிரித்தாள்.

ஏழு நாளைக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். மகள் ஒரு தாளை எடுத்து, தரையில் குப்புறப் படுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல எழுதினாள். எழுதியது இரண்டே வரி.

"என்ன எழுதியிருக்க?"

"'குற்றச்சாட்டு உண்மை. அவர் என் அம்மா.'"

கீழே கையெழுத்துப் போட்டாள். பெயருக்கு முன்னால் ஆறு வருஷமாகப் போட்டுவந்த சித்தப்பாவின் முதலெழுத்தைப் போடவில்லை. சாவி செய்கிறவனின் எழுத்தைப் போட்டாள்.